குடிக்காத பாலின் மேல் பழி

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. திருச்சியில் நண்பனுடைய ரூமில் ஏசி போட்டுப் படுத்துக்கொண்டு, வேளாவேளைக்கு பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிறவன் நலமாகத்தான் இருப்பான். இங்கே ஆண்டிமடத்தில் உன் பெண்டாட்டி வாணியும், உன் மகள் இனியாவும், இன்னும் பெயர் வைக்காத உன் மகனும், நானும் இருக்கிறோம். நாங்களும் நலம். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு இன்னும் கொஞ்சம் நலம். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப் போன்ற மகன்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று எதையும் மறைக்காமலே எழுதுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் என்று வாணி நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோபமெல்லாம் போய் ரொம்ப நாளாயிற்று. கோபப்படுவதற்கு எதிராளி கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்க வேண்டும். உன்னை நினைத்தால் இப்போது எனக்கு வருவது இளக்காரம்தான். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு இளக்காரம் வருவது நல்ல காரியமில்லை என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது, வந்துவிட்டது. இன்ஜினியரிங் படித்தவன், லோன் கேட்டு வருகிறவனைப் பத்துக் கேள்வி கேட்டுக் குடைகிறவன், சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் சித்தப்பா அனுப்பிய வாட்ஸப் செய்தியைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாய். உன் சித்தப்பா ஜெயங்கொண்டத்தில் செல்போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறவர். நல்லாவே ஒட்டுவார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாய்ப்பாலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். மறந்ததுபோல் நடிக்கிறாய், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். கொரோனா இரண்டாவது முறை பரவி, ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தமாக இருந்த சமயத்தில் வாணிக்கு வலி எடுத்தது. அவளுக்கு அம்மா இல்லை; பிரசவத்துக்கு நான்தான் கூட இருந்திருக்க வேண்டும். எனக்கே கொரோனா வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இந்த வீட்டின் பின் அறையில் கிடந்தேன். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டெஸ்ட் எடுத்தார்கள், அவளுக்கும் இருக்கிறது என்று வந்தது. லேசான காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண் பிள்ளை, அதற்குக் கொரோனா இல்லை. அந்த வார்டு டாக்டர் அவளிடம் சொன்னதை வாணி எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"பாப்பாவுக்குப் பால் குடும்மா. நீ மூஞ்சிக்கு நேரா இருமினா வரலாம், மூச்சுல வரலாம். பால்ல வரும்னு பயப்பட வேண்டியதில்ல. மாஸ்க் போட்டுக்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்கு. உன் உடம்பு இந்தக் காய்ச்சலோட சண்டை போட ஒண்ணு தயார் பண்ணுதுல்ல, அது பால் வழியா பிள்ளைக்குப் போவும். அது வேற எந்த டப்பாவுலயும் கிடைக்காது."

அந்த வார்டில் இருந்த மற்றப் பெண்கள் எல்லாரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தார்கள். நீ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பாலில் கொரோனா வரும் என்று சித்தப்பா அனுப்பியதை நம்பி அங்கிருந்து போனில் உத்தரவு போட்டாய். "ஒரு சொட்டுக் கூடக் குடுக்காத. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு, சொல்லிட்டேன்." குழந்தை பெற்ற உடம்பு, கூட ஆள் இல்லை, காய்ச்சல் வேறு. அவள் பயந்துபோய் டாக்டரிடம் "வேண்டாம் சார், பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில், "உன் புருஷன் பெரிய டாக்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம். நர்ஸ் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும், ஆனால் நான் அங்கே இல்லை.

பெரம்பலூரில் நீங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அவளை ஒரு அறையில் போட்டுக் கதவைச் சாத்தினாய். பிள்ளையை இன்னொரு அறையில் உன் சித்தியிடம் கொடுத்தாய். பால் பவுடர் டின்களை அடுக்கி வைத்துவிட்டு, ஏதோ கோட்டை கட்டிய மாதிரி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாய். பக்கத்து அறையில் பிள்ளை அழும்போதெல்லாம் வாணிக்குப் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனையும். அதைப் பிழிந்து பாத்ரூமில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். கல்லு மாதிரி கட்டி, சீழ் பிடித்து, கடைசியில் கீறித்தான் எடுத்தார்கள். அத்தோடு பால் வற்றிப்போயிற்று. நீ என்ன சொன்னாய் தெரியுமா? "எப்படியோ நல்லதாப் போச்சு" என்றாய். நான் குணமாகி எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இனியா அவள் அம்மாவின் பாலில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள், பின்னால் உனக்கே தேவைப்படும்.

உன் சித்தி பாட்டிலை எப்படிக் கொடுத்தாள் என்று நீ பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, துண்டைச் சுருட்டி நெஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் பாட்டிலைச் சாய்த்துவிட்டு சீரியல் பார்ப்பாள். டின் சீக்கிரம் தீர்கிறது என்று தண்ணீரை அதிகமாக ஊற்றுவாள். வெந்நீரில் பாட்டிலைப் போட்டு எடுக்கச் சொன்னால், "எங்க காலத்துல இதெல்லாம் செஞ்சமா?" என்பாள். பிள்ளைக்கு வயிற்றால் போய்க் கண் குழி விழுந்து, உச்சிக்குழி அமுங்கி, தூக்கிக்கொண்டு ஓடினோம். குளுக்கோஸ் ஏறியது, பிழைத்தது. நீ வாசலில் நின்று, "பாத்தீங்களா, அவ கொரோனா இருக்கறப்ப பெத்தா, அதான்" என்று ஊரெல்லாம் சொன்னாய். டின் பவுடரும் அழுக்குப் பாட்டிலும் உன் கண்ணில் படவில்லை.

பிறகு இனியா பேசவில்லை. ஒரு வயதில் பேசாதபோது யாரும் கவலைப்படவில்லை. இரண்டு வயது தாண்டியும் "ம்மா" என்று ஒன்று, "பா" என்று ஒன்று, வேறு கிடையாது. கூப்பிட்டால் திரும்பாது. அடிக்கடி காதைப் பிடித்துக்கொண்டு அழும், சளி ஒழுகும். நீ அதன் கையில் போனைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, சித்தப்பாவோடு சேர்ந்து ஒரு தீர்ப்பைச் சொன்னாய்: கொரோனாப் பால் பிள்ளையின் மூளையைத் தின்றுவிட்டது.

நான் அன்றைக்கு உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "ஏன்டா, அது பால் குடிக்கவே இல்லியே, குடிக்காத பாலு எப்படிடா கெடுக்கும்?" என்றேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வயித்துலயே போயிருக்கும்" என்றாய். அப்படியானால் பாலை எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டேன். "அம்மா, உனக்கு சயின்ஸ் தெரியாது" என்றாய். எனக்கு சயின்ஸ் தெரியாதுதான். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், அரிசி பருப்பு முட்டைதான் தெரியும். ஆனால் ஒரு ஆள் தப்பு செய்துவிட்டு, மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் காரணத்தை மாற்றிக்கொண்டே போனால் அது சயின்ஸ் இல்லை, திருட்டு முழி என்று தெரியும். சாப்பாட்டு வரிசையில் இரண்டாம் முறை முட்டை வாங்கிய பையன்கள் எல்லாரும் அந்த முழிதான் முழிப்பார்கள்.

ஊர் வாய்க்குக் கதவு உண்டா? வாணி தெருவில் போனால், "அந்தப் பொண்ணோட பாலுதான் பிள்ளைய ஊமையாக்கிடுச்சாம்" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பெற்றவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அத்தை, நான் தொடாம இருந்தா அவ பேசிடுவாளா?" என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உன்மேல் இருந்த கோபம் போய், இப்போது இருப்பது வந்தது.

உன்னிடம் சொல்லிப் பயன் இல்லை என்று நானும் அவளும் இனியாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று தனி இடம் இருக்கிறது. சுவரெல்லாம் யானை, மயில் படம். அங்கே ஒரு பெண் டாக்டர், வாணி வயதுதான் இருக்கும். மூளையைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்தார். பின்னால் நின்று மணியை ஆட்டினார், தட்டைத் தட்டினார், இனியா யானையைப் பார்த்தபடியே நின்றது. மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"ரெண்டு காதுலயும் ஜவ்வுக்குப் பின்னாடி பசை மாதிரி தண்ணி கட்டி நிக்குது. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு வெளிய பேசறதக் கேட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இவளுக்கு எல்லாம் கேக்குது. காதுல விழாத சொல்லை எப்படிம்மா பேசுவா?"

வாணிக்கு முதலில் புரியவில்லை. "மூளையில இல்லீங்களா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு தான் கொரோனாவோடு பெற்றதையும், பால் கொடுக்காததையும், ஊர் சொல்வதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பாட்டில் எப்படிக் குடுத்தீங்க? படுக்க வச்சா?" நான் துண்டுக் கதையைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பாட்டில்ல வளர்ந்து நல்லா இருக்கற பிள்ளைங்க ஆயிரம் உண்டு. ஆனா படுக்க வச்சுக் குடுத்தா பால் காதுப் பக்கம் போயி அடிக்கடி சீழ் புடிக்கும். தாய்ப்பால் குடிச்ச பிள்ளைக்கு இது கம்மியா வரும். வயித்துல இருக்கறப்ப அம்மாவுக்கு வைரஸ் காய்ச்சல் வந்த பிள்ளைங்கள்ல சிலது பேச, நடக்கக் கொஞ்சம் பின்தங்கலாம், அதனால நாங்க கவனிச்சுக்கிட்டே இருப்போம். கவனிக்கிறது உதவி பண்றதுக்கு. பெத்தவளைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல."

நான் என் பங்குக்கு, எல்லா வைரஸுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். "இல்லம்மா. எச்ஐவி மாதிரி சிலது பால்ல போவும், அதுக்கே இப்ப மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு டாக்டர் பார்வையில குடுக்கச் சொல்றோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்கு. கேட்டுக்கணும், அவ்வளவுதான்" என்றார். கேட்டுக்கணும், அவ்வளவுதான். அதைச் செய்வதற்கு உனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது.

மருந்தில் சரியாகவில்லை. திருச்சியில் காதுக்குள் ஊசிமுனை அளவு குழாய் வைத்து அந்தத் தண்ணீரை வடித்தார்கள். நீ அன்றைக்கு லீவு போட முடியாது என்றாய்; உன் ஆபீஸிலிருந்து அந்த ஆஸ்பத்திரி நடந்து வரும் தூரம். திரும்பி வரும்போது பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ்காரன் அவன் பாணியில் நீளமாக ஹாரன் அடித்தான். இனியா தூக்கிப் போட்ட மாதிரி அதிர்ந்து வாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கி அந்த பஸ்ஸைத் தேடியது. இன்னொரு முறை அடித்தான். சிரித்தது. எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு ஒரு பிள்ளை சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாணி அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாங்கள் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, இனியாவுக்காக இன்னும் கொஞ்ச நேரம் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு வாரா வாரம் பேச்சுப் பயிற்சி. வாணி வேலை செய்துகொண்டே பேசுவாள்: இது தக்காளி, இது கத்தி, அம்மா அரியுறேன், அப்பத்தா பாக்குறாங்க. ஓயாத வாய். இன்றைக்கு இனியா பேசுகிற பேச்சுக்கு நிறுத்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இதைப் பார்த்துவிட்டாவது சித்தப்பாவின் தீர்ப்பை வாபஸ் வாங்குவாய் என்று நினைத்தேன். "கடவுள் புண்ணியம்" என்று மட்டும் சொன்னாய். தண்டனை கொடுக்கும்போது நீ, மன்னிக்கும்போது கடவுளா?

உன் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அவர் சிமெண்ட் லாரி ஓட்டியவர், பத்தாவது தாண்டாதவர். நீ ஐந்து மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும், பால் சூடேறிப் போயிருக்கும், பிள்ளையை எடுத்துக்கொண்டு போ, பசும்பாலைக் கொடு என்றார்கள். உன் அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். "மார்ல கொப்புளம் இல்லாத பக்கமா குடுக்கலாமாம். குடு" என்று சொல்லிவிட்டு, வேப்பிலையை ஒதுக்கி உன்னை என் பக்கத்தில் படுக்க வைத்தார். பேச வந்தவர்களிடம், "எனக்குத் தெரியாது, டாக்டர் சொன்னாரு" என்றார். உனக்கும் நாலைந்து கொப்புளம் வந்து போயிற்று. என்னோடு ஒட்டிக்கொண்டே கிடந்தவனுக்கு வராமல் இருக்குமா. நீ குடித்தது முழுக்க அந்தப் பால்தான். இன்ஜினியரிங்கில் பர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாய். மூளை கெடவில்லை. வேறு ஏதோ கெட்டிருக்கிறது, அது என் பாலில் வந்ததில்லை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். வாணி இரண்டாவது உண்டானாள். இதே வீட்டில் வளைகாப்பு வைத்தோம். வரதராஜன்பேட்டையிலிருந்து அவள் அப்பா வந்திருந்தார், முந்திரித் தோப்பு வேலையை விட்டுவிட்டு, வேட்டி சட்டை புதிதாகக் கட்டிக்கொண்டு. பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே நீ சொன்னாய்: "இந்தப் பிள்ளைக்கு மொத நாளே டின் பால்தான் மாமா. இவ உடம்பு சரியில்லாத உடம்பு. ஒரு தடவ பட்டாச்சு." அந்த மனிதர் இலையை மூடிவிட்டு எழுந்தார். வளையல் போட்ட கையோடு அவர் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். நீ பாயசம் கேட்டாய்.

பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். முதல் மணி நேரத்திலேயே வாணி பால் கொடுத்துவிட்டாள். நீ வந்து சேர்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தாளாம். ஒரு பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் புருஷனுக்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்; நீ பெரம்பலூரிலேயே இருந்ததால் இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. மழை பிடித்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பு, இருமல், எலும்பெல்லாம் வலி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கு இல்லை, சளியைப் பிடித்துச் சோதித்ததில் ஏதோ ஃப்ளூ வைரஸ் என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "பாலை நிறுத்தாத, மாஸ்க் போட்டுக்க, கை கழுவிக்க, தண்ணி நிறையக் குடி. பிள்ளை பால் குடிக்கலன்னாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிட்டு வா" என்றார். நானும் கூட இருந்தேன், என் காதால் கேட்டேன்.

சாயங்காலம் நீ வந்தாய். கையில் டின். பின்னால் சித்தப்பா. செருப்பைக் கழற்றாமலே, "பிள்ளையை எடுத்துக் கொடுங்க" என்றாய். நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் வாணி பேசினாள். கட்டிலில் உட்கார்ந்து, மாஸ்க்கோடு, மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்க, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அங்கயே நில்லுங்க. செருப்போட வராதீங்க."

"வாணி, வெளையாடாத. காய்ச்சலோட பால் குடுத்து இன்னொன்னையும் கெடுத்துடாத."

"மொதப் பிள்ளையக் கெடுத்தது யாரு? நான் குடுக்கவே இல்லீங்க. ஊத்துனேன். நீங்க சொன்னீங்கன்னு ஊத்துனேன்."

"எனக்குத் தெரியாதா? நான் நல்லதுக்குத்தான..."

"இன்னைக்கு டாக்டரம்மா சொன்னப்ப நீங்க அங்க இல்ல. வார்டுல அந்த டாக்டர் சொன்னப்பவும் இல்ல. காதுல குழாய் வச்சப்பவும் இல்ல. உங்களுக்கு என்னங்க தெரியும்?"

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இல்லம்மா, இப்ப நெட்டுல என்ன போட்டுருக்கான்னா..." என்று ஆரம்பித்தார். வாணி அவரைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தாள். "அந்த டின்னை வெளிய வச்சுட்டு, கை கால் கழுவிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு வந்தா உங்க பிள்ளையப் பாருங்க. இல்லன்னா வெளிய போங்க. அத்தை, கதவைச் சாத்துங்க."

நான் கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கதவு சாத்தியிருக்கிறேன், அவ்வளவு நிறைவாக ஒன்றையும் சாத்தியதில்லை. நீ வெளியே நின்று, "இப்படியே ஆடுங்க, பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், அப்பத் தெரியும்" என்று கத்திவிட்டுப் போனாய். சொந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும் என்று சொன்ன வாயை நீயே கழுவிக்கொள். போன பிறகு வாணி, "அதிகமாப் பேசிட்டனா அத்தை?" என்றாள். "இல்ல, லேட்டாப் பேசுற" என்றேன்.

பையனுக்கு இரண்டு நாள் மூக்கடைப்பு இருந்தது. நாங்கள் பயப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், மறுநாளே டாக்டரம்மாவிடம் காட்டினோம். காய்ச்சல் வரவில்லை. பால் குடிப்பதை ஒரு வேளையும் விடவில்லை. வாணிக்கும் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. இப்போது அவன் கன்னம் இரண்டும் தொங்குகிறது. தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது. சிரிக்கிறான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று இன்னும் தெரியவில்லை, அதனால் நீ வந்து நின்றாலும் சிரிப்பான், ஏமாந்துபோகாதே.

உனக்குப் புத்திமதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அந்த ஆசையும் போய்விட்டது. ஒன்றே ஒன்று. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு. உன் அப்பா அதை லாரி ஓட்டிக்கொண்டே பழகியிருந்தார். அப்படியே வாணியிடம், "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல். நீ பழி சொன்னதும் நாலு பேர் இருந்த இடத்தில்தான். அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காதில் கிசுகிசுக்கும் வேலை வேண்டாம். அவள் அப்பாவிடமும் சொல். அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் சொல். மன்னிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் யோசிப்பேன்.

வருகிற வியாழக்கிழமை திருமழபாடி கோயிலில் பெயர் வைக்கிறோம். கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது, பார்க்க நன்றாக இருக்கும். எழிலன் என்று வாணி தேர்ந்தெடுத்திருக்கிறாள். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ சித்தப்பாவிடம் கேட்டிருப்பாய். பிள்ளையின் காதில் தகப்பன்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். தகப்பன் எங்கே என்று கேட்டு என் வாயைக் கிளறுகிறார்கள். நாங்கள் யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. இனியா சொல்லட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். நாலு நாளாக அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி தூங்கும்போது தொட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து, "எயிலன், எயிலன்" என்கிறாள். 'ழ' வரவில்லை. நாக்கை மடி என்று வாணி சொல்லித் தருகிறாள். வியாழக்கிழமைக்குள் வந்தாலும் வரும், வராவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

வருவதாக இருந்தால் வா. வந்து, அப்பா வந்துவிட்டேன், தள்ளு, நான் சொல்கிறேன் என்று முன்னால் போகாதே. ஓரமாக நில். உன் மகள் அவள் தம்பியின் காதில் மூன்று முறையும் சொல்லி முடிக்கட்டும். அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்.

உன்னைப் பெற்றவள்,
ஆண்டிமடத்திலிருந்து.